இசட்லிப் டாட் ஹெச் எங்கே போனது?

பயாலஜி படித்துவிட்டு லினக்ஸ் பக்கம் வருகிறவர்களில் இந்த வரியிடம் மாட்டாதவர்கள் குறைவு:

ஃபேட்டல் எரர்: இசட்லிப் டாட் ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

டிஎன்ஏ சீக்வென்சிங் முடிந்து, அதன் தரவு அடங்கிய பேம் ஃபைல் கைக்கு வந்துவிட்டது. அதைத் திறந்து பார்க்க சேம்டூல்ஸ் என்ற மென்பொருள் வேண்டும். டவுன்லோடு செய்து, பிரித்து, யாரோ சொன்னபடி, மென்பொருளைக் கட்டும் ‘மேக்’ கட்டளையைத் தட்டினால் திரை முழுக்க ஏதேதோ ஓடி, கடைசியில் இப்படி வந்து நிற்கிறது. நான் கேட்டது சேம்டூல்ஸ், நடுவில் இந்த இசட்லிப் யார் என்று எரிச்சல் வரும். நியாயமான எரிச்சல்தான்.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் கைப்பக்குவத்தோடு வருவார். அண்டா, குண்டா, ஜல்லிக்கரண்டியெல்லாம் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வரும். சேம்டூல்ஸ் அந்தச் சமையல்காரர். பேம் ஃபைலில் இருப்பதெல்லாம் அதிகபட்சம் 64 கிலோபைட் அளவில் துண்டு துண்டாகச் சுருக்கி வைத்த தரவு. அதைச் சுருக்கவும் விரிக்கவும் தெரிந்தது இசட்லிப். ஜான்-லூ கய்யியும் மார்க் ஆட்லரும் எழுதி 1995இல் வெளியிட்ட லைப்ரரி அது. அது இருக்கும்போது அதே வேலையைப் புதிதாக எழுதிக்கொண்டிருப்பது வீண் என்பதால், எல்லாரும் அதையே வாடகைக்கு எடுக்கிறார்கள்.

இதில் இரண்டு தருணங்கள் உண்டு. முதலாவது, சமையலைத் திட்டமிடும் நேரம். அப்போது கடையில் என்னென்ன பாத்திரம், என்ன அளவில் இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல்தான் ‘டாட் ஹெச்’ என்று முடியும் ஹெடர் ஃபைல். மென்பொருளைக் கட்டும்போது, அதாவது மனிதர் எழுதிய சோர்ஸை ஓடும் நிரலாக மாற்றி கம்பைல் செய்யும்போது, அது தேவை. இரண்டாவது, பந்தி நாள். அன்றைக்குப் பட்டியல் போதாது, அண்டாவே வந்து இறங்க வேண்டும். அந்த அண்டாதான் ‘டாட் எஸ்ஓ’ என்று பெயருள்ள ஃபைல். மென்பொருள் ஓடும்போது அது தேவை.

லைப்ரரி தொடர்பான எந்த எரரைப் பார்த்தாலும் உங்களையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: கட்டும்போது வந்ததா, ஓடும்போது வந்ததா? இரண்டுக்கும் மருந்து வேறு. இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பாதி உங்களுக்கு வேலை செய்யாததற்குக் காரணமே, அவை மற்றத் தருணத்துக்கான பதில்கள் என்பதுதான்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தாகத் தட்டுங்கள். ஹோம், பாத், எல்டி_லைப்ரரி_பாத் ஆகிய மூன்று மட்டும் பெரிய எழுத்து. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல் போட்டு அதற்குள் உபுண்டு வைத்துக்கொண்டால் அப்படியே பொருந்தும்.

முதலில், நாமே கட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உபுண்டுவில்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சேம்டூல்ஸ்

என்று ஒரு வரி தட்டினால் (சூடோ என்பது நிர்வாகி உரிமை, ஆப்ட் என்பது உபுண்டுவின் மென்பொருள் நிறுவும் கருவி) சேம்டூல்ஸும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளும் சேர்ந்து வந்துவிடும். கொஞ்சம் பழைய பதிப்பாக இருக்கும், அவ்வளவுதான். புதிய பதிப்பு வேண்டுமென்றால் கான்டா என்ற இன்னொரு நிறுவும் கருவி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். ஆனால் ஏதோ ஒரு ஆய்வுக் கட்டுரையோடு வந்த கருவி, ஆப்ட்டிலும் இல்லை கான்டாவிலும் இல்லை, கிட்ஹப்பில் சோர்ஸ் மட்டும் கிடக்கிறது என்ற நாள் கட்டாயம் வரும். அன்றைக்குத் தடுமாறாமல் இருக்க, நன்றாகப் பராமரிக்கப்படும் சேம்டூல்ஸிலேயே கட்டிப் பழகிக்கொள்வது நல்லது.

சரியான ஃபைலை எடுப்பது

இங்கேயே பலர் சறுக்குகிறார்கள். சேம்டூல்ஸின் கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்தில் ‘சோர்ஸ் கோடு’ என்று இரண்டு இணைப்புகள் கண்ணில் படும். அவற்றைத் தொடாதீர்கள். கிட்ஹப் தானாக உருவாக்கும் பொட்டலங்கள் அவை. அவற்றில், கணினியைச் சோதித்துக் கட்டத் தயார் செய்யும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட்டும் இருக்காது, ஹெச்டிஎஸ்லிப் என்ற லைப்ரரியும் இருக்காது. அதே பக்கத்தில் சேம்டூல்ஸ் பெயரும் பதிப்பு எண்ணும் போட்டு, ‘டார் டாட் பிஇசட்2’ என்று முடியும் ஃபைல் இருக்கும். அதுதான் வேண்டியது. பேம் ஃபைல்களையும், அதே தரவுக்கான இன்னொரு வடிவமான கிரேம் ஃபைல்களையும் உண்மையில் படித்து எழுதுகிற ஹெச்டிஎஸ்லிப் அதற்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும்.

கம்பைலர் இல்லாமல் எதுவும் நடக்காது. புது உபுண்டுவில் அது பெரும்பாலும் இருக்காது:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசன்ஷியல்

ஆப்பிளின் மேக் கணினியில் இதற்கு இணையானது ‘எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்’.

பட்டியல் எல்லாம் ‘டெவ்’ பேக்கேஜில்

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் ஒவ்வொரு லைப்ரரியையும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஓடுவதற்கான டாட் எஸ்ஓ ஒரு பேக்கேஜ், கட்டுவதற்கான ஹெடர்கள் இன்னொரு பேக்கேஜ். இரண்டாவதன் பெயர் ‘-டெவ்’ என்று முடியும். ஃபெடோரா, ரெட்ஹேட் பக்கம் அது ‘-டெவெல்’. ‘இசட்லிப் என் கணினியில் ஏற்கெனவே இருக்கிறதே, பின்னே ஏன் இல்லை என்கிறது’ என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் இதுதான். அண்டா இருக்கிறது, பட்டியல் இல்லை.

சேம்டூல்ஸுக்கு வேண்டியவற்றைப் பார்ப்போம்.

இசட்லிப்புக்கு: இசட்லிப்1ஜி-டெவ். இந்தப் பெயரை முதல்முறை பார்க்கும்போது எழுத்துப்பிழையோ என்று தோன்றும். 1 என்பது லைப்ரரியின் பதிப்பு. ஜி என்பது லினக்ஸ் பழைய சி லைப்ரரியிலிருந்து க்ளிப்சி என்ற புதிய சி லைப்ரரிக்கு மாறிய காலத்தில் ஒட்டவைத்த அடையாளம். அந்த மாற்றம் முடிந்து எத்தனையோ வருடமாயிற்று, எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நடுவில் இருப்பது எண் ஒன்று, ‘எல்’ அல்ல என்பதைக் கவனியுங்கள்.

பிசிப்2 சுருக்கத்துக்கு: லிப்பிஇசட்2-டெவ். எக்ஸ்இசட் சுருக்கத்துக்கு: லிப்எல்இசட்எம்ஏ-டெவ். இவை இரண்டும் பேம் ஃபைலுக்குத் தேவையில்லை, கிரேம் ஃபைலுக்குத்தான். கிரேம் தன் தரவின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு முறையில் சுருக்கிக்கொள்ளும். இவற்றை விட்டுவிட்டும் கட்டலாம், ‘--டிசேபிள்-பிஇசட்2’, ‘--டிசேபிள்-எல்இசட்எம்ஏ’ என்று வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் வேறு யாரோ உருவாக்கிய கிரேம் ஃபைல்கள் சில அப்புறம் திறக்காது. ஆறு மாதம் கழித்து, வேறு ஒருவர் உங்கள் கணினியில் வேலை செய்யும்போது அது தெரியவரும். ஃபெடோராவில் தேடுகிறவர்கள் இதை எல்இசட்எம்ஏ என்ற பெயரில் தேடிக் களைக்க வேண்டாம், அங்கே பெயர் எக்ஸ்இசட்-டெவெல்.

கர்லுக்கு: லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ், கூடவே லிப்எஸ்எஸ்எல்-டெவ். இணையத்திலோ அமேசானின் எஸ்3 சேமிப்பகத்திலோ கிடக்கும் பேம் ஃபைலை முழுக்க டவுன்லோடு செய்யாமல் வேண்டிய பகுதியை மட்டும் படிக்க இவை வேண்டும். இதே கர்லுக்கு ‘க்னூடிஎல்எஸ்’ என்று முடியும் இன்னொரு டெவ் பேக்கேஜும் உண்டு. இரண்டும் ஒரே கணினியில் சேர்ந்து இருக்காது, ஒன்றைப் போட்டால் மற்றது கழன்றுவிடும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள்.

என்கர்சஸுக்கு: லிப்என்கர்சஸ்-டெவ். ‘சேம்டூல்ஸ் டிவியூ’ என்ற டெர்மினல் காட்சிக்கு மட்டும்தான் இது. பழைய குறிப்புகளில் லிப்என்கர்சஸ்5-டெவ் என்று இருக்கும், அதே சரக்கின் பழைய பெயர். டிவியூ வேண்டாம் என்றால் ‘--வித்அவுட்-கர்சஸ்’ கொடுத்துவிடலாம். எனக்கு டிவியூ பிடிக்கும். எண்ணூறு எம்பி மென்பொருளைத் திறக்காமல் ஒரு மியூட்டேஷனைச் சட்டென்று கண்ணால் பார்க்க அதைவிட எளிய வழி கிடையாது.

கடைசியாக லிப்டிஃப்லேட்-டெவ். கட்டாயம் இல்லை, ஆனால் போடுங்கள். இசட்லிப் செய்யும் அதே வேலையைப் பேம் ஃபைலுக்கு இன்னும் வேகமாகச் செய்யும்.

எல்லாவற்றையும் ஒரே ஆப்ட் இன்ஸ்டால் வரியில், இடைவெளி விட்டு அடுக்கித் தட்டிவிடலாம்.

எக்ஸ்இசட் பற்றி ஒரு பக்கப்பேச்சு. 2024 மார்ச் 29 அன்று, அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளியே சொன்னார். தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவது ஏன் என்று கிளறப் போய் கண்டுபிடித்தது. லிப்எல்இசட்எம்ஏ என்பது அந்த எக்ஸ்இசட்டின் லைப்ரரிதான். ஆகவே ‘புதுசுதான் நல்லது’ என்று அடிப்படை லைப்ரரிகளைக் கண்ட இடத்திலிருந்து இறக்கிக் கட்டாதீர்கள். உபுண்டு தருவதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுவது

டார் எக்ஸ்ஜேஎஃப் என்று கொடுத்துப் பொட்டலத்தைப் பிரித்து, அந்த ஃபோல்டருக்குள் போங்கள். அப்புறம்:

./கன்ஃபிகர் --ப்ரீஃபிக்ஸ்=$ஹோம்/சாஃப்ட்
மேக்
மேக் இன்ஸ்டால்

ப்ரீஃபிக்ஸ் கொடுத்திருப்பதால் எல்லாம் உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள்ளேயே போய் உட்காரும். சூடோ வேண்டாம். தப்பாகிவிட்டால் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இந்த நிம்மதிக்காகவே நான் எதையும் வேறு மாதிரி போடுவதில்லை.

கன்ஃபிகரைத் தாண்டிக் குதித்து நேராக மேக் தட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. சேம்டூல்ஸ் அதற்கும் இடம் கொடுக்கும், ஆனால் அப்போதுதான் முதலில் பார்த்த அந்த மொட்டை எரர் வரும். கன்ஃபிகரை ஓட்டியிருந்தால் அது கம்பைல் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு லைப்ரரியாகத் தட்டிப் பார்த்து, இசட்லிப்பின் டெவலப்மென்ட் ஃபைல்கள் இல்லை, டெபியனிலும் உபுண்டுவிலும் இசட்லிப்1ஜி-டெவ் போடுங்கள் என்று பேக்கேஜ் பெயரோடு சொல்லியிருக்கும். பிசிப்2 இல்லையென்றால் எந்த ‘--டிசேபிள்’ கொடியைக் கொடுத்துத் தவிர்க்கலாம், தவிர்த்தால் என்ன இழப்பு என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்காமல் விடுவது பாவம்.

கன்ஃபிகர் நின்றுபோனால் அதே ஃபோல்டரில் ‘கன்ஃபிக் டாட் லாக்’ என்ற ஃபைல் கிடக்கும். கடைசி வரியிலிருந்து பார்க்காதீர்கள், அங்கே வெறும் மாறிகளின் குப்பை. ‘எரர்’ என்று தேடி, முதலில் அகப்படுவதைப் பாருங்கள். மேக் எரருக்கும் இதே கதைதான். முதல் எரர்தான் நோய், பின்னால் வரும் நூறும் அதன் இருமல்.

முடிந்ததும், டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் .பாஷ்ஆர்சி என்ற ஃபைலின் (அது உங்கள் வீட்டு ஃபோல்டரில் இருக்கும்) கடைசியில் இந்த வரியைச் சேர்த்து, புது டெர்மினல் ஒன்றைத் திறங்கள்:

எக்ஸ்போர்ட் பாத்=$ஹோம்/சாஃப்ட்/பின்:$பாத்

‘விச் சேம்டூல்ஸ்’ என்று கேட்டு, உங்கள் சாஃப்ட் ஃபோல்டரைக் காட்டுகிறதா பாருங்கள். அதன்பின் ‘சேம்டூல்ஸ் --வெர்ஷன்’. பலர் முதல் வரியில் எண்ணைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். புதிய பதிப்புகளில் கீழே எந்த வசதிகளோடு கட்டப்பட்டது என்று ஒரு பட்டியல் வரும். லிப்கர்ல், எல்இசட்எம்ஏ, பிசிப்2, லிப்டிஃப்லேட் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆம், இல்லை என்றிருக்கும். கர்ல் இல்லாவிட்டால் கன்ஃபிகர் நிற்காமல் சத்தமில்லாமல் அந்த வசதியை விட்டுவிட்டுப் போய்விடும் என்பதால், இந்தப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும்.

வேறொரு மென்பொருளைக் கட்டும்போது பெயர் தெரியாத ஹெடர் ஏதாவது காணோம் என்று வந்தால்? ‘ஆப்ட்-ஃபைல்’ என்ற கருவியைப் போட்டு, ‘சூடோ ஆப்ட்-ஃபைல் அப்டேட்’ கொடுத்து, பிறகு ‘ஆப்ட்-ஃபைல் சர்ச்’ என்று போட்டு அந்த ஹெடர் பெயரைக் கொடுங்கள். எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். இது ஒன்று தெரிந்தால் பாதி நேரம் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பந்தி நாளில் அண்டா வராதபோது

இனி இரண்டாவது தருணம். மென்பொருள் கட்டி முடிந்தது, அல்லது யாரோ கட்டியதை அப்படியே வாங்கி வைத்தீர்கள். ஓட்டினால், ‘எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரிஸ்’ என்று தொடங்கி, ஒரு டாட் எஸ்ஓ பெயரைச் சொல்லித் திறக்க முடியவில்லை என்கிறது. இங்கே டெவ் பேக்கேஜ்களைத் தேடி ஓடாதீர்கள். எல்டிடி என்ற கட்டளையோடு அந்த நிரலின் முழுப் பாதையையும் கொடுங்கள். அது எந்தெந்த டாட் எஸ்ஓவைத் தேடுகிறது, எங்கே கிடைத்தது என்று வரிசையாகக் காட்டும். ‘நாட் ஃபவுண்ட்’ என்று எதிரே இருப்பதுதான் ஆள். ஆப்பிள் மேக் கணினியில் ‘ஓடூல் -எல்’, அங்கே எல் மட்டும் பெரிய எழுத்து.

மூன்று விதமாக இது நடக்கும்.

லைப்ரரி இருக்கிறது, ஆனால் தேடும் இடத்தில் இல்லை. ஹெச்டிஎஸ்லிப்பைத் தனியாக வீட்டு ஃபோல்டரில் கட்டி, அதை வைத்து இன்னொரு கருவியைக் கட்டினால் ‘லிப்ஹெச்டிஎஸ் டாட் எஸ்ஓ டாட் 3’ இல்லை என்று வருவது இதனால்தான். லினக்ஸ் தானாக உங்கள் வீட்டுக்குள் வந்து தேடாது. எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியில் அந்த லிப் ஃபோல்டரைச் சொன்னால் ஓடிவிடும். ஆனால் இதை .பாஷ்ஆர்சியில் நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள். சம்பந்தமே இல்லாத நிரல்களும் அங்கேயுள்ள லைப்ரரியை எடுத்துக்கொண்டு விழும், காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். சூடோ உரிமையோடு யூஎஸ்ஆர்/லோக்கல் ஃபோல்டரில் போட்டவர்களுக்கு வழி சுலபம்: ‘சூடோ எல்டிகன்ஃபிக்’ என்று ஒருமுறை தட்டினால் போதும்.

லைப்ரரி இருக்கிறது, ஆனால் வேறு பதிப்பு. இதற்குப் பெயர்போனது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி, லிப்கிரிப்டோ அதன் ஒரு பகுதி. லிப்கிரிப்டோ டாட் எஸ்ஓ டாட் 1.0.0 வேண்டும் என்று கேட்கும் நிரலிடம் 1.1 இருக்கும் கணினி என்ன செய்யும்? உபுண்டு 22.04இல் ஓபன்எஸ்எஸ்எல் 3க்கே போய்விட்டார்கள். இணையத்தில் தேடினால் முதலில் வரும் யோசனை, புதிய ஃபைலுக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க், அதாவது அதையே சுட்டும் இன்னொரு பெயர், போடு என்பது. நானும் ஒருகாலத்தில் போட்டவன்தான். அன்றைக்கு ஓடியது. அப்புறம் ஒருநாள் பாதி வேலையில் நிரல் செத்து விழுந்தது, அதற்குள் அந்த லிங்க்கை நானே மறந்திருந்தேன். நாற்பது படி அண்டா கேட்டவரிடம் இருபது படி அண்டாவில் ‘40’ என்று எழுதிக் கொடுத்த மாதிரி அது. நிரலைப் புதிய லைப்ரரியோடு மறுபடி கட்டுங்கள், அல்லது கான்டாவில் வாங்குங்கள்.

மூன்றாவது, ‘க்ளிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்’ வகை. புதிய கணினியில் கட்டியதைப் பழைய கணினிக்குக் காப்பி செய்து கொண்டுபோனால் வரும். சென்ட்ஓஎஸ் 7இல் க்ளிப்சி 2.17, உபுண்டு 22.04இல் 2.35. க்ளிப்சியைப் பொறுத்தவரை, பழையதில் கட்டியது புதியதில் ஓடும், திருப்பி ஓடாது. க்ளிப்சியை மட்டும் கையால் மேம்படுத்தப் பார்க்காதீர்கள். எல்எஸ் கட்டளை உட்பட எல்லாமே அதன் தோளில் நிற்கிறது. அது சாய்ந்தால் சரிசெய்வதற்கான கட்டளையைக்கூடத் தட்ட முடியாது. எந்தக் கணினியில் ஓட வேண்டுமோ அங்கேயே கட்டுங்கள்.

கான்டா என்னும் குறுக்குவழி

இத்தனையும் சொல்லிவிட்டு, என் அன்றாட வேலைக்கு நான் பயன்படுத்துவது கான்டாதான் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நிரலோடு அதன் லைப்ரரிகளையும் தனி ஃபோல்டரில் சேர்த்து வைத்துவிடுவதால் மேலே சொன்ன சண்டைகள் குறைவு. பயோகான்டா என்ற சேனலில், அதாவது பேக்கேஜ் கிடங்கில், பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் கருவிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மினிஃபோர்ஜ் என்ற நிறுவி வழியாகக் கான்டாவை நிறுவிக்கொண்டு இந்த மூன்று வரிகளை ஒருமுறை தட்டுங்கள்:

கான்டா கன்ஃபிக் --ஆட் சேனல்ஸ் பயோகான்டா
கான்டா கன்ஃபிக் --ஆட் சேனல்ஸ் கான்டா-ஃபோர்ஜ்
கான்டா கன்ஃபிக் --செட் சேனல்_ப்ரையாரிட்டி ஸ்ட்ரிக்ட்

வரிசை முக்கியம். கடைசியாகச் சேர்ப்பதுதான் முதலிடம் பெறும், கான்டா-ஃபோர்ஜ் முதலிடத்தில் இருக்க வேண்டும். லிப்கிரிப்டோ பஞ்சாயத்து கான்டாவுக்குள்ளேயே வந்தால் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். அப்புறம் பேஸ் என்ற அடித்தளச் சூழலில் எதையும் கொட்டாமல், ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சூழல்:

கான்டா கிரியேட் -என் பேம்வேலை சேம்டூல்ஸ் பிசிஎஃப்டூல்ஸ்

சூழலின் பெயர் உங்கள் இஷ்டம். கான்டா மெதுவாக யோசிக்கிறது என்று பழைய ஆட்கள் புலம்பினால், அது 23.10 பதிப்புக்கு முந்தைய கதை என்று சொல்லுங்கள். அதிலிருந்து லிப்மாம்பா என்ற வேகமான பகுதி உள்ளே வந்துவிட்டது.

ஒன்று மட்டும்: சோர்ஸிலிருந்து எதையாவது கட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் ‘கான்டா டீஆக்டிவேட்’. இல்லாவிட்டால் ஹெடர் ஒரு பக்கமும் டாட் எஸ்ஓ இன்னொரு பக்கமுமாகக் கலந்துபோகும். பட்டியல் ஒரு கடை, அண்டா வேறு கடை.

ஆர் பயன்படுத்துகிறவர்களுக்கு

ஆர் மொழியில், உயிரியல் பேக்கேஜ்களின் தொகுப்பான பயோகண்டக்டரிலிருந்து ஒன்றைப் போடும்போது கடைசியில் ‘நான்-ஜீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்று சிவப்பில் வரும். அந்த வரியில் ஒரு தகவலும் இல்லை. மேலே உருட்டிப் போய் முதல் எரரைப் பிடியுங்கள். ஆரின் கர்ல் பேக்கேஜ் போன்றவை கோடு போட்ட பெட்டிக்குள் ‘டெப்’ என்று உபுண்டுவுக்கும் ‘ஆர்பிஎம்’ என்று ஃபெடோராவுக்கும் எந்தப் பேக்கேஜ் என்று எழுதியே காட்டும். அடிக்கடி தேவைப்படுவது மூன்று: லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எக்ஸ்எம்எல்2-டெவ். ஆர் போட்ட அன்றே இவற்றையும் போட்டுவிடுங்கள்.

சூடோ இல்லாத இடத்தில்

கல்லூரி, ஆய்வு நிறுவனக் கிளஸ்டர்களில், அதாவது பலர் பகிரும் கணினிக் கூட்டங்களில், உங்களுக்கு சூடோ கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். முதலில் ‘மாட்யூல் அவெயில்’ தட்டிப் பாருங்கள். நீங்கள் தேடுவது ஏற்கெனவே போட்டு வைத்திருக்கலாம், ‘மாட்யூல் லோடு’ கொடுத்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் கான்டா, அதற்கும் சூடோ வேண்டாம். மென்பொருளை அதன் லைப்ரரிகளோடு ஒரே பெட்டியாக ஓட்டும் ஆப்டெய்னர் இருந்தால், பயோகன்டெய்னர்ஸ் தரும் தயார் பெட்டிகளை இறக்கி ஓட்டலாம். க்ளிப்சி பழசாகிப்போன கிளஸ்டர்களில் இது பெரிய உதவி, ஏனென்றால் பெட்டிக்குள் அதன் சொந்த க்ளிப்சியே இருக்கும்.

எதுவும் சரிப்படவில்லை, கிளஸ்டர் நிர்வாகிக்கு எழுதத்தான் வேண்டும் என்றால், ‘சேம்டூல்ஸ் வேலை செய்யவில்லை சார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் தட்டிய கட்டளை, முதல் எரர் வரி, கட்டும்போதா ஓடும்போதா என்பது, எல்டிடி காட்டியது, எந்த மாட்யூல்கள் லோடாகியிருந்தன என்பது, கன்ஃபிகர் நின்றிருந்தால் அந்த கன்ஃபிக் டாட் லாக் ஃபைல் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகக் காப்பி செய்து ஒட்டுங்கள், அவர் அதை அப்படியே எடுத்துத் தேட வேண்டியிருக்கும்.